சந்தனம் மெஸ்ஸுக்கு வழி

"அண்ணே, ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்."

கடை வாசலில் கிறிஸ்டினா நின்றாள். சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் அவள் வீடு; புருஷன் கடலுக்குப் போகிறவன்.

சந்தனம் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேல கேட்டு வந்திருந்தா, இப்ப ஆள் எடுக்கல தாயி."

"அதில்லண்ணே, இந்த மேப்பு…"

"மேப்பா? ஒனக்கு மேப்பப் பத்தி என்ன தெரியும்? இங்கன வா, காட்டுறேன்."

தனுஷ்கோடி ரோட்டில் சந்தனம் மெஸ் ஆரம்பித்து ஏழு வருஷம். முதலாளியும் அவரே, சமையலும் அவரே. கூட்டம் வராததற்குச் சமையல்தான் காரணம் என்று சொந்த மனைவியே சொல்லிப் பார்த்தாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடை மேப்பில் இல்லை, அதுதான் காரணம் என்றார். இலங்கை டவர் போனுக்கு வரவேற்பு சொல்லும் இடம் அது. நம்மூர் சிக்னலைத் தேடி அலைந்து, மூன்று மாதத்துக்கு முன் யார் உதவியும் இல்லாமல் தானே கடையை மேப்பில் ஏற்றினார். அன்றிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"கேளு. 'மாங்காய் போட்ட மீன் குழம்பு, அற்புதம்.' அஞ்சு ஸ்டாரு! 'சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.' அஞ்சு! 'காசே வாங்க மாட்டேன் என்கிறார்கள்.' அதுக்கும் அஞ்சு!"

"நீங்க கொழம்புல மாங்காய் போடுவீங்களாண்ணே?"

"இல்ல. திங்கிறவனுக்குப் புளி எது, மாங்காய் எதுன்னு தெரியல. அத விடு, ஸ்டாரப் பாரு."

கிறிஸ்டினா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பொறாமை என்று சந்தனம் முடிவு கட்டினார். மறுவாரமும் வந்தாள். மறுபடியும் படித்துக் காட்டினார். இந்தத் தடவை இரண்டு புதிதாகச் சேர்ந்திருந்தன.

ஸ்டாருக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. ராமநாதபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டும் காஜா நவாஸ் போனில் கூப்பிட்டார்.

"சனிக்கிழம மத்தியானம் வந்து ருசி பாக்குறேன்ணே. புடிச்சிருந்தா தெனமும் என் வேன் ஒங்க கடையிலதான் நிக்கும்."

அந்த வேன் வராவிட்டால் இந்தக் கோடையோடு கடையைப் பூட்ட வேண்டியதுதான். மனைவியிடம்கூடச் சொல்லாமல் அந்தப் பயத்தை மென்று முழுங்கிக்கொண்டிருந்தார் சந்தனம்.

சனிக்கிழமை விடியுமுன்னே போய் நல்ல சீலா மீனாகப் பார்த்து வாங்கி வந்தார். மேசையை மூன்று தடவை துடைத்தார். மணி ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. மூன்று மணிக்குப் போன் அடித்தது.

"அடேங்கப்பா! அந்த மாங்காய்க் கொழம்பு இருக்கே… நாளையிலருந்து வேன் வரும்ணே!"

"எங்கன சாப்புட்டீக?"

"என்னண்ணே கேக்குறீங்க, ஒங்க கடையிலதான்! மேப்பு நேரா கொண்டாந்து விட்டுச்சே."

சந்தனத்துக்கு உச்சந்தலை கொதித்தது. யாரோ தன் பேரைச் சொல்லிக் கடை நடத்துகிறார்கள்! பைக்கை எடுத்தார். போனில் 'சந்தனம் மெஸ்' என்று தட்டினார். தன் கடைக்கே வழி கேட்ட முதல் முதலாளி அவராகத்தான் இருப்பார்.

"இடதுபுறம் திரும்பவும்" என்றது போன். திரும்பினார். தோப்பு போனது, மணல் வந்தது. "நீங்கள் சேருமிடம் வந்துவிட்டது."

முற்றத்தில் கிறிஸ்டினா எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள! என் பொழப்பக் கெடுக்கணும்னே கெளம்பியிருக்கியா?"

"நான் எங்கண்ணே கெளம்புனேன்? மூணு மாசத்துக்கு முந்தி எங்க வீட்டுக்குப் பின்னால மணல்மேட்டுல நின்னு, போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு இருந்தீங்களே! அன்னையிலருந்து ஒங்க கடையக் கேட்டு எங்க வாசலுக்குத்தான் ஆளு வருது."

'இப்போது நிற்கும் இடம்தான் கடையா?' என்று அன்று போன் கேட்டதும், சிக்னல் கிடைத்த சந்தோஷத்தில் 'ஆம்' என்று அழுத்தியதும் சந்தனத்துக்கு ஞாபகம் வந்தது. குரல் இறங்கிவிட்டது.

"ரோட்டுக் கடைக்குப் போங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"மொதல்ல வந்தவுககிட்ட அப்படித்தான் சொன்னேன். பிள்ளைக வெயில்ல வாடிப்போய் நிக்குது. அந்த ஆளு, 'ஏமாத்துக் கடைன்னு எழுதிப் போடுறேன் பாரு'ன்னு போன எடுத்துட்டாரு. ஒங்க பேரு கெட்டுப்போகுமேன்னு, 'இதுதான் சந்தனம் மெஸ், உள்ள வாங்க'ன்னுட்டேன். வீட்டுல ஆக்குன சோத்தப் போட்டுட்டு எப்படிண்ணே காசு வாங்குறது?"

"இன்னைக்கி வந்தவருகிட்ட?"

"நாளையிலருந்து ரோட்டுக் கடைக்கே வந்துருங்கன்னு சொல்லிட்டேன். கொழம்ப மட்டும் நான் வந்து வச்சுத் தாரேன்ணே. வேன் வரட்டும்."

சந்தனம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டிய ஸ்டாரில் ஒன்றுகூட அவருடையது இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறிச் சிரிப்பு வந்தது.

"ஊருக்கெல்லாம் வழி சொல்ற போனு. அதுக்கே தப்பா வழி சொல்லியிருக்கேன் பாரு நான்! ஏன் தாயி, மூணு மாசமா இது நடக்குதே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான்ணே ரெண்டு தடவ கடைக்கு வந்தேன். நீங்கதான் என்ன வாயத் தொறக்க விடாம, நான் வச்ச கொழம்ப எனக்கே படிச்சுக் காட்டி அனுப்புனீங்க."