பூனை எடுத்த சர்வே

பூனைக்கு அகோரப் பசி. எலிகளோ வளையை விட்டு வெளியே வருவதாயில்லை. அதனால் பூனை சர்வே எடுக்க வந்தது.

"பூனை கடிச்சுச் செத்தவங்க மட்டும் கை தூக்குங்கப்பா."

ஒரு கையும் எழவில்லை.

"பார்த்தீங்களா, ஒருத்தர்கூட இல்லை! நூற்றுக்கு நூறு பாதுகாப்பு. தைரியமா வெளியே வாங்க."

'நூற்றுக்கு நூறு' என்றதும் பாதி எலிகள் மண்டையை ஆட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. மூக்கி என்ற குட்டி எலி மட்டும் அவற்றின் வாலைப் பிடித்து இழுத்தது.

"பூனையண்ணே, உயிரோட இருக்கிறவங்ககிட்ட மட்டும் கேட்டா எப்படி? மத்தவங்களையும் கேட்கணும்ல?"

"அவங்களை எங்கே போய்த் தேடுறது?"

"எதுக்குத் தேடணும்? உங்க வயித்துலதானே இருக்காங்க. தட்டிக் கேளுங்க."

அந்த நேரம் பார்த்து, பூனையின் வயிறு பசியில் 'கர்ர்ர்' என்று உறுமியது.

"ஐயோ, அத்தனை பேரும் கை தூக்கிட்டாங்கடோய்!" என்றது மூக்கி.

வளையே குலுங்கச் சிரித்தன எலிகள்.