பதின்மூன்றாவது தட்டு

மரிய அந்தோணிக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டு, உயிரை முடித்துக்கொள்ளும் மருந்து சன்னிவேல் நகரில் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கலிஃபோர்னியா சட்டப்படி அவர் தன் கையாலேயே குடிக்க வேண்டும். கடைசி நொடியிலும் மனம் மாறலாம்.

அதைக் குடிக்க ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தைக் குறித்தார். மதியம் நண்பர்களுக்குப் பிரியாணி விருந்து. பாட்டும் கேலியுமாக வீடே அதிர்ந்தது.

அவரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் பன்னிரண்டு பேர். மகள் ஃபெபி எடுத்த எச்சில் தட்டுகள் பதின்மூன்று. கூடுதல் தட்டின் ஓரத்தில் கிராம்புகள் வரிசையாக இருந்தன. அப்படி ஒதுக்கி வைப்பவள் அவர் மனைவி கிருபாராணி ஒருத்திதான். அவள் இறந்து மூன்று வருஷம்.

"அடுத்த சனிக்கிழமை பாத்துக்கலாம்மா," என்றார் அந்தோணி, அந்தத் தட்டைப் பார்த்தபடி.

இன்று ஆறாவது சனிக்கிழமை, ஆறாவது விருந்து; ஒவ்வொரு முறையும் பதின்மூன்று தட்டு. மருந்துப் பெட்டியில் தூசி படிந்துவிட்டது.

"எத்தனை ஃபேர்வெல்தான்ப்பா!" என்று ஃபெபி சிரித்தாள்.

"உங்கம்மாவுக்கு இன்னும் ஆசை அடங்கலையே. அடுத்த வாரம் மட்டன் பண்ணு."

அப்பாவின் விளையாட்டுதான் இது என்று நினைத்து ஃபெபி இம்முறை கிராம்பே போடாமல் சமைத்திருந்தாள். பதின்மூன்றாவது தட்டின் ஓரத்தில் ஆறு கிராம்புகள் ஈரம் காயாமல் வரிசையாக இருந்தன.