எட்டேகால் வண்டியின் பாட்டு

"மாமா, இது என்ன பாட்டு? தூக்கம் வருது. மாத்துங்க."

பின் சீட்டிலிருந்து செம்பியன் சொன்னதும் பஸ்ஸில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். டிரைவர் பொன்னுரங்கம் காதில் விழாதவர்போல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் எட்டேகால் வண்டி அது. ஐந்து நிமிஷம் முன்னால் ஒன்று, ஐந்து நிமிஷம் பின்னால் ஒன்று என்று தனியார் பஸ்கள் போட்டி போட்டு ஓடும் தடம். அங்கே பிள்ளைகள் பஸ்ஸைப் பார்த்து ஏறுவதில்லை. பாட்டைக் கேட்டுத்தான் ஏறுவார்கள். ஆறு வருஷமாக, எந்த வருஷத்துப் பிள்ளைகளானாலும் ஏறியது பொன்னுரங்கத்தின் வண்டியில்தான்.

ஐம்பத்தெட்டு வயது மனிதர், நேற்று வெளியான பாட்டை இன்று காலையில் போட்டுவிடுவார். எல்லாம் கூட்டமாகப் பாடுகிற, கைதட்ட வைக்கிற பாட்டுகள். ஊரே கொண்டாடும் சில பாட்டுகளைப் போடச் சொன்னால் மட்டும், அது நம்ம வண்டிக்குச் சரிப்படாது என்று மறுத்துவிடுவார். பிள்ளைகளுக்கு அந்தக் கெத்தும் பிடித்திருந்தது. எங்க மாமாவுக்கு இருக்கிற ரசனை உங்க டிரைவருக்கு வருமா என்று அடுத்த வண்டிக்காரப் பிள்ளைகளிடம் சண்டைக்குப் போவார்கள்.

இன்று மட்டும் மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது. ஒரே ஒரு பெண் குரல், மெல்ல மெல்ல இழுக்கிற பாட்டு. படத்தின் பெயரும் யாருக்கும் தெரியவில்லை. முடிந்ததும் மறுபடி அதையே போட்டார்.

நல்ல நாள் பார்த்துத்தான் இந்த வேலையைச் செய்தார். முன் சீட்டில் முதலாளி பாலகுமார் உட்கார்ந்திருந்தான். அப்பாவிடமிருந்து பஸ்களைப் பொறுப்பேற்று ஒரு மாதம்தான் ஆகிறது. பொன்னுரங்கத்தை ஸ்ரீமுஷ்ணம் தடத்துக்கு மாற்றிவிட்டு, எட்டேகால் வண்டிக்கு ஓர் இளவட்டத்தைப் போட அவனுக்கு ஆசை. வயதானவருக்குப் புதுப்பாட்டெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்குப் பிடிபடும் என்பது அவன் சந்தேகம். இன்று கூடவே வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக நேற்றே சொல்லியிருந்தான். இருபத்தாறு வருஷம் ஓட்டிய தடம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பொன்னுரங்கம் நேற்று சாயங்காலம் டீயைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டக்டர் சபாபதி பார்த்திருக்கிறார்.

அதனால்தான் சபாபதிக்குப் பொறுக்கவில்லை. டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு முன்னால் வந்து, போன வாரம் போட்ட பாட்டையாவது போடச் சொல்லிக் காதோடு கெஞ்சிப் பார்த்தார். பொன்னுரங்கம் முடியாது என்று தலையாட்டிவிட்டார்.

ஆலப்பாக்கத்தில் மூன்றாவது முறையும் அதே பாட்டு ஆரம்பித்தது. செம்பியன் எழுந்து வந்து, நாளையிலிருந்து நாங்கள் பின்னால் வரும் வண்டியில் போய்க்கொள்கிறோம் என்று பாலகுமாரிடமே சொல்லிவிட்டுப் போனான்.

புதுச்சத்திரத்தில் வண்டி நின்றதும் பாலகுமார் பாட்டை மாற்றக் கை நீட்டினான். பொன்னுரங்கம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி வீட்டு ஆளை அவர் தடுத்தது அன்றுதான் முதல் தடவை.

"கைய எடுங்க மாமா. வயசாயிடுச்சி ஒங்களுக்கு. பசங்களுக்கு எது புடிக்கும்னு தெரியாமப் போயிடுச்சி. நாளையிலேர்ந்து ஸ்ரீமுஷ்ணம் வண்டிக்குப் போயிடுங்க."

"போறேன் தம்பி. இந்தப் பாட்டு முடியட்டும்."

குரலில் கெஞ்சல் இல்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்று ஊரை வரவேற்பவர்போல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பாலகுமாருக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. ஆறு வருஷமாக ஒரு பாட்டுகூடச் சோடை போகாமல் பொறுக்கியெடுத்தவர், தன் வேலைக்கே உலை வைக்கிற மாதிரி இன்றைக்குப் போய் ஏன் இப்படிச் செய்கிறார் என்று கேட்டேவிட்டான்.

பொன்னுரங்கம் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

"புதுப்பாட்டப் பத்தி எனக்கு என்னா தம்பி தெரியும்? எம்பொண்ணு மெட்ராஸ்ல கோரஸ் பாடுது. பத்துப் பேரோட நின்னு அது பாடின பாட்ட மட்டுந்தான் இந்த ஆறு வருஷமும் போட்டேன். இன்னிக்குத்தான் மொத மொதல்ல அது தனியாப் பாடுது."