ஆறாவது ஆள்

“அவரு என் வீட்டுக்காரர்தான், கிராணி ஐயா.”

ஹபீபா பீவி மேசை முன் வந்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை, கக்கத்தில் ஒரு துணி மூட்டை.

பிணவறை வாசலில் மரணப் பதிவேடு எழுதும் கிராணி பக்கிரிசாமி நிமிர்ந்து பார்த்தார்.

அக்கரையில் பிறை என்ற ஊரிலிருந்து வந்த படகு காற்றில் கவிழ்ந்து இன்றோடு நாலு நாள். கரை ஒதுங்கிய ஆறு பேரில் ஐந்து பேரை வீட்டார் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். ஆறாவது ஆளுக்கு முகமே இல்லை. விரலில் மட்டும் அரபு எழுத்துப் பொறித்த கல் மோதிரம். வாசலில் அறிவிப்பு ஒட்டியாயிற்று. இன்று மாலைக்குள் உறவென்று யாரும் வராவிட்டால் பொதுக்குழிதான்.

“பேரு?”

“அப்துல் காதர்.”

எழுதினார். “ஆளு எப்படி இருப்பாரு?”

“நல்ல உயரம் ஐயா. வாசப்படியிலே குனிஞ்சுதான் வருவாரு.”

பக்கிரிசாமி பேனாவைக் கீழே வைத்தார்.

“உள்ளே கிடக்கிறவர் உங்க தோளுக்குக்கூட வரமாட்டாரும்மா.”

அவள் மூட்டையை இறுக்கிக்கொண்டாள்.

“நேத்து ஒருத்தன் ‘அண்ணே’ன்னு இதே தரையிலே உருண்டு அழுதான். மோதிரத்தைச் சும்மா தரமாட்டோம்னதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டான். இன்னிக்கு நீங்க! கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்லே?”

இழுப்பறையைத் திறந்து மோதிரத்தை மேசைமேல் டக்கென்று வைத்தார். “இதுக்குத்தானே?”

ஹபீபா பீவி அதை ஒற்றை விரலால் அவர் பக்கமே தள்ளினாள்.

“அது இங்கேயே இருக்கட்டும் ஐயா. அவரு வீட்டு ஆளுங்க என்னிக்காச்சும் தேடி வருவாங்க. அவங்களுக்கு அடையாளம் வேணும்லே?”

“அப்போ நீங்க எதுக்கு வந்தீங்க?”

மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே மடிப்புக் கலையாத, பிணத்துக்குச் சுற்றும் வெள்ளைக் கபன் துணி.

“மோதிரத்துலே அல்லா பேரு இருக்காம். தொழுகை இல்லாம ஒருத்தரைக் குழியிலே போடலாமா? சொந்தக்காரங்க கேட்டாத்தான் மய்யித்தைக் குடுப்பீங்கன்னாங்க. தூக்கிட்டுப் போகப் பள்ளிவாசல் ஆளுங்க சந்தூக்கோட வெளியே நிக்கிறாங்க, ஐயா.”

“உங்க வீட்டுக்காரர்?”

“போன வருஷம் ரங்கூனுக்குப் போன கப்பல் கவிழ்ந்துச்சே, அதுலே போயிட்டாரு. அவரை எந்தக் கரையிலே, யாரு தூக்கினாங்களோ…”

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

பக்கிரிசாமி ‘அப்துல் காதர்’ என்ற பெயரை அடித்துவிட்டு, ‘பெயர்: தெரியவில்லை’ என்று எழுதினார்.

அடுத்த கட்டம், ‘உறவு’. பேனாவை மறுபடி மையில் தோய்த்தார்.

பிறகு, ‘உண்டு’ என்று எழுதி முத்திரை குத்தினார்.