தமயந்தியின் போன்

என் கணவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவள் அவரோடு வேலை பார்க்கும் தமயந்தி. என்னுடையது பொருந்தவில்லை. அந்தச் சிறுநீரகத்தில் வைத்துத் தைத்த சில்லு, அது வேலை செய்யும்வரை கொடுத்தவரின் கைப்பேசிக்கும் தகவல் அனுப்பும். இவர் அப்பளம் தின்றால்கூட அவளுக்குத் தெரிந்துவிடும்.

"அக்கா, சாருக்கு உப்பு கூடிப்போச்சு. இன்னைக்கு என்ன சமைச்சீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "என் புருஷனைப் பாத்துக்க எனக்குத் தெரியும்" என்று போன வாரம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை இவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். விழுந்த குழி எழவில்லை. அவளிடமிருந்து போன் வரவில்லை. முதல் முறையாக நான் முந்திவிட்டேன்! பெருமையோடு நானே அவளை அழைத்தேன்.

"அவருக்குக் கால் வீங்கியிருக்கு, தெரியுமா?"

"மூணு நாளா எனக்குத் தகவலே வரலக்கா. நீங்கதான் ஆஸ்பத்திரியில சொல்லி நிறுத்திட்டீங்கன்னு பேசாம இருந்துட்டேன்."