நந்தியால் ரொம்ப தூரம்

"லிஸ்ட் வந்துட்ச்சா, தேவா?"

நாலாவது தடவையாகக் கேட்டாள் ரத்தினம்மா. இடது கையில் இரண்டு ஊசிகள். தலைமாட்டில் டயாலிசிஸ் இயந்திரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் ஒரு மணிக்குத் திருப்பதி ஆஸ்பத்திரியில் வந்து படுத்தால், அஞ்சு மணிக்குத்தான் எழுந்திருக்க முடியும்.

"மூணு மணிக்குப் போடுவாங்களாம். நீ கைய ஆட்டாத," என்றாள் மகள் தேவயானி, கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

"துன்னியா?"

"துன்னேன்."

அது பொய் என்று ரத்தினம்மாவுக்குத் தெரியும். டிபன் பாக்ஸ் பையில் அப்படியே இருந்தது.

இரண்டு வருஷமாக நகரியிலிருந்து அம்மாவை பஸ்ஸில் அழைத்து வந்து அழைத்துப் போவது தேவயானிதான். அப்பா கன்னையா விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்தால் அடுப்பும் நின்றுவிடும். இந்த ஸ்டூலில் உட்கார்ந்து படித்தே இரண்டு முறை நீட் எழுதினாள். முதல் தடவை கைவிட்டுப் போனது. இந்தத் தடவை ரேங்க் பரவாயில்லை. ஆனால் இது கவுன்சலிங்கின் கடைசி ரவுண்டு. இதிலும் சீட் வரவில்லை என்றால் டாக்டர் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

மூன்று அடித்துப் பத்து நிமிஷம் ஆனது.

"வந்துட்ச்சிம்மா."

தேவயானியின் விரல் போனில் மெல்ல நகர்ந்தது. பிறகு நின்றது.

"என் நம்பர் இல்லம்மா."

"நல்லா பாரு."

"பாத்துட்டேன். யஸ்வந்த்துக்கு வந்துகீது, என்கூட கோச்சிங்ல இருந்தானே, அவன். நந்தியால் காலேஜ்ல."

"அவனுக்கு உன்னவிட நல்ல ரேங்க்கா?"

"இல்லம்மா. எனக்கு முந்நூறு ரேங்க் பின்னாடி."

மகள் அழவில்லை. 'பின்னால் இருப்பவனுக்கு எப்படி வந்தது' என்றுகூடக் கேட்கவில்லை. பெண்ணுக்கு அதிர்ச்சியில் மூளை ஓடவில்லை போலிருக்கிறது என்று பதறினாள் தாய்.

அந்த நேரம் பார்த்துக் கன்னையாவின் போன். தேவயானி விஷயத்தைச் சொன்னாள். விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் அவர் கத்தியது ரத்தினம்மாவுக்கும் கேட்டது.

"இன்னாது, பின்னாடி கீறவனுக்கு வந்துட்ச்சா? அப்போ நாம குடுத்த காலேஜ் ஆப்ஷன்ல எவனோ கைய வெச்சிகிறான். நெட் சென்டர் கோபிகிருஷ்ணன்தான் எதனா தப்பா அமுக்கியிருப்பான். இரு, போய் அவன் சட்டையப் புடிக்கிறேன்!"

"வாணாம் நைனா! யாரையும் ஒண்ணும் கேக்காத. நான் ஊட்டுக்கு வந்து சொல்றேன்." அவசரமாகப் போனை வைத்தாள் தேவயானி.

ரத்தினம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கோபிகிருஷ்ணன் ஒரு தப்பும் செய்யவில்லை. "உன் பொண்ணுக்குத் திருப்பதி கஷ்டம்கா, நந்தியால் நிச்சயம்," என்று அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். நந்தியால் எந்தத் திசை என்றுகூட அவளுக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய ஊர் என்பது மட்டும் தெரியும். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. யார் என்னைத் திருப்பதிக்குக் கூட்டிப்போவார்கள்? மகள் அங்கே இருக்கும்போது இங்கே என் மூச்சு நின்றுவிட்டால்?

போன திங்கட்கிழமை தேவயானி ரேஷன் கடைக்குப் போன சமயம் பார்த்து ரத்தினம்மா நெட் சென்டருக்குப் போனாள். "பாப்பாதான் சொல்லி அனுப்பினா, ஆப்ஷன்லேர்ந்து நந்தியால எடுத்துடுவியாம்," என்றாள். பதிவு செய்திருந்தது ரத்தினம்மாவின் நம்பர்; ஓடிபி அவள் போனுக்கே வந்தது. அவன் நந்தியாலை நீக்கிவிட்டான். வீடு திரும்பும்போது நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து இப்போது உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் செவ்வாய், இதே கட்டில், இதே ஸ்டூல். அன்றைக்கு தேவயானி போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னாடி பாக்கிற?" என்று கேட்டதற்கு, "மணி பாக்கறேம்மா," என்றாள். பாவம், எனக்காக உட்கார்ந்து உட்கார்ந்து பெண் சலித்துப் போய்விட்டாள் என்றுதான் அன்று நினைத்தாள்.

"தேவா..." ரத்தினம்மாவின் குரல் உடைந்தது. "கோபி மேல தப்பு இல்லடி. நான்தான். நான்தான் நந்தியால எடுக்கச் சொன்னேன். நீ அம்மாந்தூரம் போய்ட்டா நான் செத்துப் போய்டுவேன்னு பயந்துட்டேன். பெத்தவளே உன் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டேன்டி. என்ன அடிச்சாகூட வாங்கிக்கிறேன்."

எழுந்து மகளைப் பிடிக்கப் போனாள். "செய்யி கதபொத்தம்மா!" என்று, கையை அசைக்காதே எனத் தெலுங்கில் அதட்டினார் அடுத்த கட்டிலருகே நின்ற டெக்னீஷியன். அசைத்த கையை தேவயானியே பிடித்து, ஊசி விலகாமல் மெத்தைமேல் வைத்தாள். அம்மாவின் முந்தானையாலேயே அவள் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதம்மா, பிரஷர் ஏறும். எனக்குத் தெரியும்."

"தெரியுமா? எப்படிடி?"

"ஆப்ஷன மாத்தினா என் மெயிலுக்கும் வந்துடும்மா. திங்கக்கிழமையே பாத்துட்டேன்."

தேவயானி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அத திரும்பப் போட செவ்வாக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம் இருந்துச்சும்மா, போன்லயே போட்டிருக்கலாம். அதான் அன்னிக்கி உன் பக்கத்துல உக்காந்து மணி பாத்துக்கினே இருந்தேன்."