இன்னொரு கை

"யாரு வீட்டுல சைக்கிளுக்குக் காத்து அடிக்கிறது?" என்றார் வக்கீல். குறுக்கெழுத்துச் சங்கத்தின் தலைவர் அவர்தான்.

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போனில்தான் நடக்கும். தலைவர் குறிப்பைப் படிப்பார். மற்றவர்கள் விடை சொல்ல வேண்டும். எல்லோரும் கைவிட்ட பிறகு சரியான விடையைச் சொல்பவர் எலெக்ட்ரீஷியன். 'புஸ்... புஸ்...' என்ற சத்தம் வருவதும் அவர் போனிலிருந்துதான்.

"மைக்கை அணைச்சு வைங்களேன்," என்றார் தையற்கடை அக்கா.

"ஒரு கையில போன் இருக்குங்க. இன்னொரு கை காலியா இல்ல."

"அப்படி என்ன, மாவா பிசையறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சற்றுப் பொறுத்து விடையையும் சொன்னார்.

அடுத்த வாரம் அந்தச் சத்தமே இல்லை.

"அப்பாடா! இன்னிக்குத்தான் காதுக்கு நிம்மதி," என்று சொல்லிவிட்டு வக்கீல் குறிப்பைப் படித்தார். எலெக்ட்ரீஷியன் வாயைத் திறக்கவில்லை. அடுத்த குறிப்புக்கும் அப்படியே.

"என்னங்க, மூளைக்கு வர்ற கரண்ட் கட்டாயிடுச்சா?" என்றார் வக்கீல்.

"விடையெல்லாம் என் வீட்டுக்காரி சொன்னதுங்க. மூச்சுக்கு மெஷின் வெச்சதுலேருந்து அவளால பேச முடியாது. என் உள்ளங்கையில விரலால எழுதுவா. நான் அதைச் சொல்லுவேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா. தெரிஞ்சா பாவம்னு விட்டுக்குடுத்துடுவீங்களாம். வியாழக்கிழமை போயிட்டா. மெஷினையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

வக்கீல் குறிப்புத் தாளை மடித்து வைத்தார்.

"மைக்கை அணைக்கணும்னா சொல்லுங்க, அணைச்சுடறேன்," என்றார் எலெக்ட்ரீஷியன். "இப்போ கை காலியாத்தான் இருக்கு."